முதல் குச்சிக்குக் குழம்பு கிடையாது

மாக் மண்டின் தொழிற்பேட்டை வாசலில் சாத்தே என்னும் குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்ற அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. கரிப்புகையில் சிவந்த கண்கள், தூக்கிச் செருகிய கைலி, கையில் ஓலை விசிறி. முதல் குச்சிக்கு அவர் வேர்க்கடலைக் குழம்பு தரமாட்டார். இறைச்சியை வெறுமனே தின்ற பிறகுதான் கிண்ணம் நம் பக்கம் நகரும். "குழம்புல தோச்சா செருப்புகூட உள்ள எறங்கும்" என்பார்.

எண்பதுகளில் நான் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் அங்கே வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் அவருக்கு எதிரிலேயே ஒரு புதுக் கடை முளைத்தது. பலகையில் 'காஜாங் சாத்தே' என்று கொட்டை எழுத்து. சாத்தே என்றால் காஜாங் ஊர்தான் என்று நாடே நம்பியதால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"அக்கா, நீங்களும் காஜாங்னு ஒரு போர்டு மாட்டுங்க லா. யாரு வந்து கேக்கப்போறா?" என்றேன்.

விசிறி நின்றது.

"காஜாங் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி. கோழி வெட்றது இங்க, ஊறப்போடுறது இங்க, பொகையத் திங்கிறது நானு. பேரு மட்டும் அவங்களுக்கா?"

மறுநாள் அட்டையில் கரிக்கட்டையால் எழுதி மாட்டியிருந்தார்: 'மாக் மண்டின் சாத்தே'. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் அட்டையைக் கழற்றவில்லை.

பல வருடங்கள் கழித்துக் காஜாங் போனேன். பேர்போன கடை, நல்ல கூட்டம். குழம்பை ஒதுக்கிவிட்டு முதல் குச்சியை வெறுமனே கடித்தேன்.

உடனே கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன்.