லேத்தைச் சுற்றிய மஞ்சள் கோடு

காலை 8.10. திருச்சிப் பேருந்து என்னைப் புதுக்கோட்டையில் இறக்கிவிட்டது. ஐம்பத்து மூன்று கிலோமீட்டரும் ஜன்னலோரம், கண் மூடவேயில்லை. திருக்கோகர்ணத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"அங்கிட்டு என்ன சார் சோலி?" என்றார் ஓட்டுநர்.

பட்டறைகளில் வீண்வேலையைக் குறைக்கச் சொல்லித்தருகிறேன் என்றேன்.

"எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று சிரித்தார்.

8.40. இருபது வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறை. டிராக்டர் அச்சில் மாட்டும் உலோக வளையம், புஷ், செய்கிறார்கள். வாசலிலேயே கட்டிங் ஆயில் வாடை. என்னோடு அன்று சேர்ந்த அமலா இன்னும் இருக்கிறாள். அறுத்த புஷ்களைத் தட்டுத் தட்டாகச் சுமந்துபோய்ச் சரிபார்த்து பேக்கிங்கில் சேர்ப்பது அவள் வேலை.

"வாங்கண்ணே, நல்லாருக்கீங்களா?" என்றவள் காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். முட்டி தேய்ந்துவிட்டதாம். நடையைக் குறைக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

9.15. உள்ளே நடுநாயகமாக, இரும்பு கடையும் அந்தப் பழைய லேத். நான் சேர்ந்த புதிதில் ஆறு பேர் இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டித்தான் அதை உள்ளே கொண்டுவந்தோம். நான் தொழில் பழகியது அதில்தான். அது ஓடி நான்கு வருடமாகிறது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம் அதற்குத்தான். நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. நடைபாதைக்கு மஞ்சள் கோடு போடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். அட்சரம் பிசகாமல் போட்டிருந்தார்கள், லேத்தைப் பத்திரமாகச் சுற்றி வளைத்து! அமலாவின் பின்னாலேயே நடந்து எண்ணினேன். பேக்கிங் வரை நாற்பத்து நான்கு காலடி.

11.00. பயன்படாத சாமானுக்குச் சிவப்பு அட்டை கட்டி வெளியேற்றுவது நான் நடத்தும் முதல் பாடம். ஊர் ஊராக எத்தனை பேருடைய இயந்திரங்களுக்குக் கூசாமல் கட்டியிருக்கிறேன்! இங்கே கை வரவில்லை.

"இது இருந்துட்டுப் போகட்டுமே அமலா, ஒரு ஞாபகத்துக்கு" என்றேன்.

அவள் தட்டை இறக்கிவைத்தாள். "ஒங்களுக்கு ஞாபகம்ண்ணே. நீங்க பஸ் ஏறிப் போயிட்டீங்க. நான்ல தெனமும் இதைச் சுத்தி நடக்கிறேன்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அட்டையை நானே கட்டினேன்.

மாலை 4.20. சூடம் காட்டிவிட்டு, குழாய்களில் உருட்டி லேத்தை வெளியே எடுத்தோம். நானும் ஒரு கை பிடித்தேன். அமலா தட்டோடு கிளம்பினாள். காலி இடம் வந்ததும் பழக்கத்தில் வளைந்து போனாள். பிறகுதான் உறைத்தது; நின்று சிரித்துவிட்டு, திரும்பி வந்து, நடுவில் நேராக நடந்தாள். முப்பத்தொரு காலடி.

6.00. லேத் போன வருத்தம் பேருந்திலும் கூடவே வந்தது. வரட்டும், அதை நான் சுமந்துகொள்ளலாம். இத்தனை நாள் அந்த லேத்தைச் சுமந்தது அமலாவின் முட்டி.