சென்சார் வைத்த கை

ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், வானத்திலிருந்து வரும் துகள்களைக் கண்டுபிடிக்கும் ஒரு பெட்டியை முன்னிட்டு என் அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த தெருவில் அப்பா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மற்ற கடைக்காரர்கள் ‘போர்டு போச்சு’ என்று கைவிட்ட போன்கள் கடைசியில் அவரிடம்தான் வரும். எறும்புக் கண் அளவுள்ள பாகங்களைக்கூட ஒட்டிவிடுவார் என்று பேர். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான், திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் மேடம் ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தார்.

அவர் கொண்டுவந்த கறுப்பு உறைக்குள் மூன்று சென்சார்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மேலே கண்ணாடி போல ஒரு சன்னல், கீழே மயிரிழை மாதிரி இரண்டு கால்கள். வானத்திலிருந்து வரும் துகள் ஒரு பிளாஸ்டிக் கட்டியைத் துளைத்துப் போகும்போது அதற்குள் துளியூண்டு வெளிச்சம் உண்டாகுமாம். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் இந்த சென்சாருக்குத் தெரியுமாம். பெட்டி முழுவதையும் அவரே செய்துவிட்டார், சென்சார்களை இரண்டு சின்னப் போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்க மட்டும் அவருக்குப் பயம்.

“சன்னல்ல விரல் படக்கூடாதுங்க, கீறல் விழக்கூடாது. சூடு ஜாஸ்தியானா போச்சு. உடம்புல இருக்கிற கரண்ட் பட்டாலும் போச்சு. மூணே மூணுதான் இருக்கு. ரெண்டு வேணும், ஒண்ணு ஸ்பேர். திங்கக்கிழமை பசங்களுக்குக் காட்டணும், வேற கிடைக்காதுங்க.”

“வெச்சிட்டுப் போங்க மேடம்,” என்றார் அப்பா.

திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி மேடம் கிளம்பினார். மதியம் சாப்பாட்டுக் கூடையோடு நான் கடைக்குப் போனபோது அப்பா ஷட்டரைப் பாதி இறக்கி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார். மணிக்கட்டில் எர்த் பட்டை. உடம்பிலுள்ள மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவதற்காக அதைக் கட்டிக்கொள்வார். சாப்பாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடுக்கியால் முதல் சென்சாரை எடுத்தார். போர்டுக்கு அருகில் கொண்டுபோனதும் இடுக்கியின் முனை படபடவென்று ஆடியது. நிறுத்தினார். மறுபடி முயன்றார். மூன்றாவது முறை சென்சார் வழுக்கியது, அதைப் பிடிக்கப்போன இடுக்கி சன்னலின் மேல் உரசியது. பூதக்கண்ணாடியில் நானும் பார்த்தேன். குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது.

“ரயில் போவுது,” என்றார் அப்பா. “டேபிள் ஆடுது.”

எனக்கு ரயில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மேசை மேல் இருந்த டம்ளர் தண்ணீரும் அசையாமல்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

எழுந்துபோய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்.

“பாப்பா, கையைக் காட்டு.”

இரண்டு கைகளையும் நீட்டினேன். ஜோசியக்காரர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீ வை.”

விடுமுறை நாட்களில் பொழுதுபோகாமல் ஹெட்போன் ஒயர்களைப் பற்றவைத்துப் பழகியவள் நான். அவ்வளவுதான் என் அனுபவம்.

“பயமா இருக்குப்பா.”

“இருந்துட்டுப் போவட்டும். கை ஆடலல்ல? அது போதும்.”

நான் போட்டிருந்தது நைலான் கவுன். அது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் என்று, ஆணியில் தொங்கிய தன் பருத்திச் சட்டையை எனக்கு மேலாக மாட்டிக் கைகளை மடித்துவிட்டார். எர்த் பட்டையைக் கழற்றி என் மணிக்கட்டில் கடைசி ஓட்டை வரைக்கும் இறுக்கினார். எந்தக் கால் பிளஸ், எந்தக் கால் மைனஸ் என்று மூன்று முறை பார்த்துச் சொன்னார். மாற்றி வைத்தால் அதுவும் செத்துப்போகும்.

“மூணு எண்றதுக்குள்ள சூட்டை எடுத்துடணும். நான் எண்றேன்.”

சென்சாரின் கால்கள் போர்டின் ஓட்டைகளில் இறங்கின. போர்டைத் திருப்பினேன். பற்றவைக்கும் கோலை எடுத்தபோது என் நாற்காலியே லேசாக நடுங்குவது தெரிந்தது. அப்பா பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார்.

“நாற்காலிய விடுப்பா, ஆடுது,” என்றேன்.

சட்டென்று விட்டுவிட்டார். ஷட்டர் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஈயம் உருகிப் பளபளத்து உட்கார்ந்தது. நாலு கால்களையும் வைத்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் அவை வேலை செய்யுமா என்பது தெரியாது. நாலு மணி வரைக்கும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேடம் வந்ததும் அப்பா முதலில் கெட்டதைச் சொன்னார். “ஒண்ணு போச்சுங்க மேடம். என் தப்புதான்.”

மேடத்தின் முகம் வாடியது. மற்ற இரண்டையும் வாங்கி, சன்னலில் ஏதோ பிசின் தடவி, பிளாஸ்டிக் கட்டிகளோடு ஒட்டி, வெளிச்சம் நுழையாதபடி கறுப்பு டேப்பைச் சுற்றினார். தான் கொண்டுவந்த பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கரண்ட் கொடுத்தார். பெட்டியிலிருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கொன்றுவிட்டேன் என்று முடிவுகட்டினேன். திங்கட்கிழமை வகுப்பில் மேடம் வெறுங்கையோடு நிற்பது வரைக்கும் என் கண்ணில் தெரிந்துவிட்டது.

அப்போது விளக்கு ஒருமுறை மினுக்கியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

“வருதுங்க!” என்று மேடம் கத்தியேவிட்டார். என் உள்ளங்கையைப் பெட்டிக்கு மேலே வைக்கச் சொன்னார். “இப்ப மினுக்குச்சே, அது உன் கையைத் துளைச்சிட்டுத்தான் கீழ போயிருக்கும்.” பிறகு அப்பா பக்கம் திரும்பி, “இந்தக் கை யாருக்குங்க வரும்! எங்க லேப் வேலை எல்லாத்தையும் இனிமே உங்ககிட்டயே கொண்டாரேன்,” என்றார்.

அப்பா சிரித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“மேடம், அது வந்து…” என்று நான் ஆரம்பித்தேன்.

“பாப்பா, மேடத்துக்கு டீ வாங்கினு வா. ஜல்தி.”

வாங்கிவந்து வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை.

“நான் பண்ணத அவர் பண்ணதா சொல்லிக்கினாரும்மா,” என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

“எங்க சொன்னாரு? சும்மாதானே இருந்தாரு,” என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவளும் அவர் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில் அப்பா இரண்டு முறை கடையை அடைத்துவிட்டு, பார்ட்ஸ் வாங்குவதாகச் சொல்லிப் பாண்டிச்சேரி போனார். இரண்டு முறையும் அம்மா கூடப் போனாள். என்னை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன். அவர்கள் போனது நரம்பு டாக்டரிடம் அப்பாவின் கையைக் காட்டத்தான் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க, மேடத்திடமிருந்து அப்பா மறைத்தது என் கையைத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.