ஷீல்டில் போட ஒரு வார்த்தை

ஐயனாரின் முதல் பார்வை மனிதர் மேல் படக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது எதிரே ஒரு கண்ணாடியை வைத்துவிட்டு, ஊரே சிலையின் முதுகுப் பக்கம் போய் நின்றுகொள்ளும். திண்டிவனத்தைச் சுற்றி எத்தனையோ சாமிகளுக்குக் கண் வரைந்தவர் என் பெரியப்பா. அவரைக் கண்டால் பெரிய மனிதர்களும் பைக்கை விட்டு இறங்கிவிடுவார்கள்.

விழுப்புரத்தில் அவருக்குப் பாராட்டு விழா. ஷீல்டில் பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்புக்கே அவ்வளவு திமிர்.

"ஜல்தியா யோசிச்சி வை. பெருமுக்கல்ல ஐயனாருக்குக் கண்ணு தொறந்துட்டு அப்படியே ஷீல்டு கடைக்குப் போறேன்," என்றார், பெரியப்பாவுக்கு உதவியாக வேலை செய்யும் சித்தப்பா.

'கிரேட்' எல்லாருக்கும் போடுவது. 'பியூட்டிஃபுல்' என்றால் பெரியம்மாவே சிரிப்பார். ஊரே ஒதுங்கும் இடத்தில் நிற்கிறவர் ஆயிற்றே என்று நினைத்ததும் 'ஃபியர்லெஸ்' கிடைத்தது. பயமே இல்லாதவர். தாளில் எழுதிக்கொண்டு, சித்தப்பாவிடம் கொடுக்கப் பெருமுக்கலுக்கு வரப்பில் ஓடினேன்.

வரப்பு சிலைக்கு நேர் எதிரே போய் முடிந்தது. ஐயனாருக்கு ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. பெரியப்பா ஏணியில் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். சிலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இப்போது நான். அந்தக் கண் என்னைப் பார்த்தது. நகர்ந்தேன், அப்போதும் பார்த்தது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த பம்பை மேளம் நின்றுபோனது.

பெரியப்பா ஏணியிலிருந்து குதித்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"பின்னால நில்லு. எட்டிப் பாக்காத," என்றவர், சித்தப்பாவிடம், "இன்னொரு கண்ண நீ தொற. நான் முன்னால நிக்கிறேன், பார்வை எம்மேல படட்டும்," என்றார்.

"வாணாம்ண்ணே!"

"தொறடா."

சித்தப்பா அடுத்த கண்ணைத் திறந்து முடிக்கும்வரை, என் கையைப் பிடித்திருந்த பெரியப்பாவின் கை வெடவெடவென்று நடுங்கியது. வேட்டிகூட நடுங்கியது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'ஃபேமஸ்' போதும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

விழா வருவதற்குள் பெரியப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. சர்க்கரை என்றார் டாக்டர். ஊர் என்னை ஒருமாதிரி பார்த்தது. மேடையிலிருந்து இறங்கியவர் ஷீல்டை விரலால் தடவினார்.

"இன்னா போட்டுக்கிறாங்க பாப்பா?"

"ஃபேமஸ், பெரியப்பா."

"நல்லாத்தான் இருக்கு."

அத்தனை பயத்தோடும் ஒருவர் எனக்கு முன்னால் வந்து நின்றார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.