செல்வியின் பெயரில் நான் பார்த்த வேலை

1. முதல் நேர்முகம்

“பி.காம். படிச்சிருக்க, சரி. உங்க வீட்ல உனக்கு முன்னால படிச்ச ஆளு யாரும்மா?”

“யாரும் இல்ல அண்ணாச்சி. நாந்தான் முதல்ல.”

“அதான் பாத்தேன். இங்கன வடக்க இருந்து பார்ட்டிங்க போன் பண்ணுவாவ. பேசியே ஆள நம்ப வைக்கணும். நீ வாயத் தொறக்கவே யோசிக்க. உன்னால ஆவுமா? வேணும்னா பேக்கிங்ல நில்லு, நாளைக்கே வா.”

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் அலுவலகத்தில் நடந்த பேச்சு இது. அண்ணாச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு டீ கூட வாங்கி வரச் சொன்னார். நான் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் புதூர்ப் பக்கம். அப்பா ஆடு மேய்க்கிறார், மழை பெய்கிற வருடம் உளுந்தும் கம்பும் விதைப்பார். என் பெயர் மாடத்தி. எங்கள் வீட்டில் சர்டிபிகேட்டில் ஏறிய முதல் பெயர் அது. பேக்கிங்கில் நிற்பதற்காகவா அதை ஏற்றினேன் என்ற கோபத்தோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்தே போனில் வேலை தேடினேன். ‘தாய்லாந்தில் தமிழ் கஸ்டமர் சப்போர்ட்’ என்ற விளம்பரம் அன்றுதான் கண்ணில் பட்டது.

போன மாதம் நம் கல்லூரியில் விழிப்புணர்வுக் கூட்டத்தில் என்னைப் பேச வைத்தார்கள். பேசியதை எழுதித் தரச் சொல்லி வேலைவாய்ப்புப் பிரிவு மேடம் கேட்டார்கள். அன்று நான் பாதிதான் பேசினேன். இதில் மீதியும் இருக்கிறது.

2. அரை மணி நேரம்

வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. டைப்பிங் வேகம் பார்த்தார்கள், தமிழில் பேசச் சொன்னார்கள். விசா, டிக்கெட் எல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். பாங்காக் ஏர்போர்ட்டில் என் பெயரை எழுதிய அட்டையோடு ஒருவன் நின்றான். அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

கார் பகல் முழுக்க ஓடியது. சாயங்காலம் ஒரு ஆற்றங்கரையில் இறக்கி, ரப்பர் படகில் ஏற்றினார்கள். ஆறு சின்னது. மழைக்காலத்தில் எங்கள் கண்மாய் இதைவிட அகலமாக இருக்கும். அக்கரையில் ஏறியதும் போனைப் பார்த்தேன். மணி அரை மணி நேரம் பின்னால் போயிருந்தது. அதற்குக் காரணம் வேறு நாட்டுக்கு வந்துவிட்டதுதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது மியான்மர்.

உயரமான மதில், அதன் மேல் கம்பிச்சுருள், கேட்டில் துப்பாக்கியோடு ஆட்கள். உள்ளே கடை, சலூன், கூடைப்பந்து மைதானம் எல்லாம் இருந்தது. நம் ஊரில் புதிதாகக் கட்டிய இன்ஜினியரிங் காலேஜ் போலத் தோன்றும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை வெளியே போக முடியாது என்றார்கள். டார்கெட் முடிக்காதவர்களை வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அதற்கும் மேல் அடம் பிடித்தவர்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு அறை இருந்தது. அங்கிருந்து வந்தவர்கள் சில நாள் இடது கையால் சாப்பிட்டார்கள்.

இவ்வளவும் உண்மை. கூட்டத்தில் நான் சொன்ன பாதி இதுதான்.

3. ஊர் கேட்பது

எங்கள் ஹாலில் பல மொழிக்காரர்கள். தமிழ் டீமில் பதினோரு பேர். டீம் லீடர் பெயர் விக்டர். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான், எங்களுக்கு முன்னால் வந்து மாட்டியவர். முகத்தைச் சுளிக்காமல் பேசுவார். அவரைப் பார்த்தால் எனக்குக் கேட்டில் நின்ற துப்பாக்கிக்காரனை விடப் பயம்.

வேலை இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணின் படத்தோடு ப்ரொஃபைல், பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை, ஹோட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் போதும் என்று ஆள் பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். பிறகு சம்பளத்தை எடுக்க வேண்டுமானால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியது போய்விடும். மாட்டியவர்களை அங்கே ‘கஸ்டமர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

கொடுத்த ஸ்கிரிப்ட் செய்தி வாசிப்பது போல இருந்தது. “வணக்கம், நான் மனிதவளப் பிரிவிலிருந்து பேசுகிறேன்.” யாரும் நம்பவில்லை. இரண்டு வாரம் எனக்கு ஒரு கஸ்டமர்கூட இல்லை. மைதானத்தில் இரண்டு நாள் ஓடினேன்.

மூன்றாவது வாரம் ஒரு அம்மா திட்டிவிட்டு போனை வைக்கப் போகும்போது, “எந்த ஊருட்டி நீ?” என்று கேட்டார். வாய் தவறி, “கோயில்பட்டிப் பக்கம் அத்தே” என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

நம் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எட்டயபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் கேட்போம். ஊர் சொன்னால் யார் மகள் என்று கேட்போம். அதுவும் சொன்னால் அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு ஆளைச் சொல்லிப் பார்ப்போம். அந்த ஆளை அவருக்கும் தெரிந்துவிட்டால் முடிந்தது. இறங்கும்போது நம் பையை அவர் தூக்கிக் கொடுப்பார்.

அந்தப் பழக்கத்தை நான் ஸ்கிரிப்டாக மாற்றினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஓட்டத்துக்குப் பயந்து ஆரம்பித்தேன் என்பது உண்மை. ஆனால் அந்த மாத முடிவில் டீமில் முதலாவதாக வந்தேன். விக்டர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

“மாடத்தி பேசுனா சொந்தக்காரங்க பேசுற மாதிரி இருக்கு. எல்லாரும் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கேளுங்க.”

கை தட்டினார்கள். அப்போது எனக்கு அண்ணாச்சியின் அலுவலகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது: எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

4. சண்முகத்தாய் அக்கா

சண்முகத்தாய் அக்காவுக்கு எட்டயபுரம் பக்கத்தில் ஒரு ஊர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவளை நர்சிங் சேர்க்கத்தான் அக்காவுக்குக் கூடுதல் வேலை வேண்டியிருந்தது. நல்ல சிரிப்புக்காரி.

நான் ஊர் கேட்டேன். அவர் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டார். நான் புதூரைச் சொல்லவில்லை. பசுவந்தனை என்றேன்.

“பசுவந்தனையா? எங்க சித்திய அங்கனதான் கட்டிக் குடுத்திருக்கு. பசுவந்தனைல யாரு மவ?”

இப்போது ஒரு பொய்ப் பெயரைச் சொன்னால் சித்தியிடம் கேட்டுவிடுவார். உண்மையான ஆள் வேண்டும். என் பெயரும் என் அப்பா பெயரும் நாக்கு நுனியில் இருந்தன. எங்கள் வீட்டில் சர்டிபிகேட்டில் ஏறிய முதல் பெயரை இந்த வேலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

செல்வியின் பெயரைக் கொடுக்க மனம் வந்தது.

செல்வி என்னோடு மூன்று வருடம் ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் அப்பாவுக்குப் பசுவந்தனையில் மளிகைக் கடை. பரீட்சை நாட்களில் புதூர் பஸ் வராவிட்டால் அவள் வீட்டில்தான் தங்குவேன். அவர்கள் வீட்டுக் கதவின் நிறம் முதல் அவள் தம்பியின் பட்டப்பெயர் வரை எனக்குத் தெரியும்.

“மளிகைக் கடைக்காரர் மவ செல்வி நான். காலேஜ் முடிச்சுட்டு மெட்ராஸ்ல கம்பெனில இருக்கேங்க்கா.”

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

“ஏட்டி செல்வி, சித்திட்ட கேட்டுட்டேன். உங்கப்பா கடைலதான் அவிய அரிசி வாங்குதாவளாம். தங்கமான மனுசன்னு சொன்னாவ. முதல்லயே சொல்லிருக்கலாம்லா, நான் சந்தேகப்பட்டுட்டேனே தாயி.”

மகளின் நர்சிங் காலேஜுக்கு வைத்திருந்ததை அவர் இரண்டு தடவையாகக் கட்டினார். பிறகு என் ப்ரொஃபைலில் அவரை பிளாக் செய்யச் சொன்னார்கள். செய்வதற்கு முன்னால் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஹெட்செட்டில் கேட்டேன். ஒன்றில்கூடத் திட்டு இல்லை. “செல்வி, உனக்கு என்னமும் ஆயிட்டோன்னு பயமா இருக்கு, போன எடு” என்று கடைசி மெசேஜில் இருந்தது. பிளாக் செய்துவிட்டு அடுத்த நம்பருக்கு வணக்கம் போட்டேன்.

5. கடைசி வரிசை

சில மாதங்களுக்குப் பிறகு அங்கே ஆயுதக் குழுக்களுக்குள் ஏதோ சண்டை வந்து, எங்களை ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் அனுப்பினார்கள். அரசாங்கம் விமானத்தில் அழைத்து வந்தது. போலீஸ் விசாரித்தபோது, மிரட்டி வேலை வாங்கினார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தேன். செல்வியின் பெயர் அதில் இல்லை. ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அப்பா நேர்ந்துகொண்டபடி கோயிலுக்குக் கிடாய் விட்டார்.

கல்லூரிக் கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். ஆற்றைச் சொன்னேன், தரைத்தளத்து அறையைச் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். முடிந்து எல்லோரும் போன பிறகு கடைசி வரிசையில் செல்வி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“நல்லா பேசுன, மாடத்தி.”

“ஏட்டி, நீ எப்ப வந்த? முன்னால வந்து உக்காந்துருக்கலாம்லா?”

“அங்கன உக்காந்தா உன் முகம் தெரியும். எனக்குக் குரல் மட்டும் போதும்.”

போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டாள். சண்முகத்தாய் அக்காவின் போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது. காலி ஹாலில் என் குரல் கேட்டது. “மளிகைக் கடைக்காரர் மவ செல்வி நான்.”

அக்காவும் அவர் சொந்தக்காரர்களும் வேன் பிடித்து வந்து கடை முன்னால் நின்றிருக்கிறார்கள். செல்வியின் அப்பாவைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். செல்வி மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். தபால் ஆபீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தவளுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் அந்தப் புகாரால் நின்றுபோயிருக்கிறது. சித்தி வீட்டார் இப்போது வேறு கடையில் அரிசி வாங்குகிறார்களாம்.

“கேட்ட உடனே நீதான்னு தெரிஞ்சு போச்சு” என்றாள். “போலீஸ்ல நான் சொல்லல. நீ அங்கன மாட்டிருக்கன்னு உங்க ஊர்ல சொன்னாவ. உன்ன அடிச்சு சொல்ல வச்சிருப்பாவளோன்னு நெனச்சேன். உசுரோட வரட்டும், வந்து அவளே சொல்லுவான்னு எங்கப்பாட்டயும் சொல்லி வச்சேன். நீ வந்து ரெண்டு மாசம் ஆச்சு.”

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஒண்ணு கேக்கேன். என் பேரச் சொல்லச் சொல்லி அடிச்சாவளா?”

“இல்ல.”

“மிரட்டுனாவளா?”

“உன் பேர யாருக்கும் தெரியாது அங்கன. எந்தப் பேர வேணா சொல்லிருக்கலாம்.”

“அப்ப ஏன் உன் பேரச் சொல்லல?”

பதில் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. டீமில் முதலாவதாக வந்த வாய். கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிருட்டி என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

“மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? என் பேரத் திருப்பிக் குடு.”

6. இரண்டாவது வாக்குமூலம்

சைபர் கிரைம் பிரிவில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் மேடம் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“இப்ப நீ பாதிக்கப்பட்ட பொண்ணு லிஸ்ட்ல இருக்க. இத எழுதிக் குடுத்தா உன் மேலயும் கேஸ் வரும். கவர்ன்மென்ட் வேலைங்கிற ஆசை இருந்தா விட்டுரணும். வீட்ல சொல்லிட்டியா?”

முந்தின நாள் காலையில் தொழுவத்தில் வைத்து அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் ரொம்ப நேரம் ஆட்டின் குளம்பில் ஏதோ முள் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார். “அந்தக் கடைக்காரர் வீட்லயா நீ பரிச்சைக்குத் தங்குவ? அவிய வீட்டுச் சோத்தத் தின்னுட்டா இதச் செஞ்ச?”

தங்கைகளே, ஏஜென்ட் லைசென்ஸைப் பாருங்கள், டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்றெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். அது சரியான அறிவுரைதான். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பது உண்மை. அந்த உண்மைக்குள் நான் எனக்காகவே செய்த ஒன்றையும் சேர்த்து ஒளித்து வைத்தேன். யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் உண்மையாக இருந்தது. உங்களுக்கு எதுவும் கெட்டது நடந்தால், செய்ய வைத்தது எது, நீங்களாகச் செய்தது எது என்று முதல் நாளே தனித்தனியாக எழுதி வையுங்கள். நாள் ஆக ஆக இரண்டும் ஒன்றாகிவிடும்.

வாக்குமூலத்தை வீட்டில் என் கையாலேயே நான்கு பக்கம் எழுதினேன். கொடுக்கும் முன் செல்வியிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பசுவந்தனைக்குப் போனேன். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கடைக்கு உள்ளே போய்விட்டார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே செல்வி நான்கு பக்கத்தையும் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன ‘வேறு வழியின்றிச் செல்வியின் பெயரைச் சொன்னேன்’னு எழுதிருக்க.”

“ஆமா.”

“வழி இருந்துச்சுன்னு அன்னைக்கு ஹால்ல சொன்ன.”

கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். ‘வேறு வழியின்றி’ என்பதை அடித்தேன். அதன் மேலே ‘என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்களை இன்று காலை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.