பிரேக் மிதியில் என் கால்

அத்தாவின் ஜீப் பட்டறையில், அவர் மகளான எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பிரேக்கில் காற்று எடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதியை அமுக்குகிற இடம் அது. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிற ஜீப்புகள்தான் அத்தாவிடம் வரும். பெரும்பாலும் பிரேக் வேலைதான். பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்க்குள் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் அத்தா வண்டிக்கடியில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சின்னத் திருகைத் திறப்பார். மேலே இருப்பவர் மிதியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெயோடு குமிழியும் வெளியே வரும். அவர் திருகைப் பூட்டுவதற்குள் காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்பவும் உள்ளே புகுந்துவிடும்.

"அமுக்கு. புடி. விடு." அந்த நேரத்தில் இந்த மூன்று சொல்லுக்கு மேல் அத்தா பேசமாட்டார்.

இருக்கை நுனியில் உட்கார்ந்தால்தான் கால் எட்டும் என்ற வயதில் தொடங்கியது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகும் நான்தான் அமுக்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டறைக்கு வருகிற இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். இந்த இரண்டையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்தக் கார் வந்தது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிக்கிடந்த சிவப்பு வெளிநாட்டுக் கார். ஓட்டி வந்தவள் மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த போடிக்காரர் ஒருவரின் மகள். மலைக் கான்வென்டில் படித்தவள், என் வயதுக்காரி. சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஓட்டப்போகிறாளாம்.

"எஞ்சின் வேலையெல்லாம் மெட்ராஸ்ல முடிச்சாச்சு மாமா. பிரேக்க மட்டும் உங்ககிட்டதான் குடுக்கணும்னு அப்பா சொன்னாங்க. மெட்டு எறங்குற வண்டிக்கே பிரேக் பாக்குறவராமே நீங்க?"

நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் இந்துக்கள். ஆனாலும் ஊரில் மாமா, மாப்ளே என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் சொன்ன மாமாவுக்கு அத்தாவின் முகம் மலர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை அவள் "நீ" என்றாள். நான் "நீங்க" என்றேன். அதுவும் பிடிக்கவில்லை.

காரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை, தானே விரித்து வாசித்தாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். எங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள்கூட அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. அத்தா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுது அது?"

எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பட்டறைத் தமிழில் சொன்னேன். ஏற்கனவே திறந்த டப்பாவில் இருக்கிற பிரேக் எண்ணெயை ஊற்றக்கூடாது. அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்திருக்கும். பந்தயச் சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். மிதி தரைக்குப் போய்விடும். முன் சக்கரங்களில் இருப்பது ஜீப்பு மாதிரி பிரேக் டிரம் இல்லை, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதைக் கவ்வுகிற புதுக் கட்டைகளை, பந்தயத்துக்கு முன்னால் நாலைந்து தடவை ஓங்கி மிதித்துச் சூடேற்றிப் பழக்க வேண்டும். சூடேறிய பிறகு வண்டியை நிறுத்தக்கூடாது. மெதுவாக ஓட்டிக்கொண்டே காற்றில் ஆறவிட வேண்டும்.

"அதான, இப்படிச் சொன்னா வெளங்குதுல்ல," என்றார் அத்தா. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வேலை தொடங்கியது. பழைய கட்டைகளைக் கழற்றி, அவள் சென்னையிலிருந்து வாங்கிவந்த கெட்டிக் கட்டைகளை அத்தா மாட்டினார். தட்டுக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பை எடுத்துவிட்டு, ஜீப்பு ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய்க்குத் தகரத்தில் வாய் செய்து வைத்து, முன்பக்கக் காற்று நேராகத் தட்டில் அடிக்கிற மாதிரி கட்டினார். "பிரமாதம் மாமா!" என்று அவள் கை தட்டினாள். நான் எத்தனையோ பிரேக்குகளுக்கு அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் கை தட்டியதில்லை. தட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புது எண்ணெய் ஊற்றிக் காற்று எடுக்கிற நேரம் வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கார், அவளுடைய இருக்கை. என்ன சொல்ல முடியும்?

"அமுக்கும்மா," என்றார் அத்தா, பின் சக்கரத்துக்கடியிலிருந்து. "புடிம்மா. விடும்மா."

எனக்கு வாழ்நாளில் ஒரு "ம்மா" கிடைத்ததில்லை.

அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது பின் சக்கரத்தில் ஒருமுறை, அத்தா "விடு" சொல்வதற்கு முன்பே அந்தக் கால் தளர்ந்தது.

"அத்தா, அவங்க முன்னாடியே எடுத்துட்டாங்க."

"இல்லையே, புடிச்சுட்டுதான இருந்தேன்," என்றாள் அவள்.

"எடுத்தீங்க. நான் பாத்தேன்."

அத்தா அடியிலிருந்தே அதட்டினார். "காலையிலேருந்து அந்தப் புள்ளைய மொறைச்சுக்கிட்டே நிக்கிற. சும்மா இருக்க மாட்டியா?"

பொறாமை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதான். பொறாமை உண்மைதான். அவள் காலை எடுத்ததும் உண்மைதான்.

மறுநாள் காலையில் புதுக் கட்டைகளைப் பழக்க மெட்டுக்குப் போனோம். காரில் அவளும் அத்தாவும். அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, தன் ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். இறக்கத்தில் அவள் வளைவுக்கு வளைவு ஓங்கி மிதித்துக்கொண்டு போனாள். கருகல் வாடை எங்கள் மூக்கு வரை வந்தது.

"என்ன ஓட்டு ஓட்டுது பாரு புள்ள!" என்றார் சின்னத்தா.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.

இறக்கத்தின் பாதியில் ஓர் ஊற்று உண்டு. கீழே இறங்குகிற ஜீப்புகள் அங்கே நின்று, கொதித்துக்கிடக்கும் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பும். புகையோடு ஒரு வண்டி வந்து நின்றால், அங்கிருக்கிற எந்த டிரைவரும் கேள்வி கேட்காமல் வாளியைத் தூக்குவார். அது மலை மரியாதை. ஜீப்பு டிரம் கனமானது, தாங்கிக்கொள்ளும்; மெல்லிய தட்டு தாங்காது. நாங்கள் மேல் வளைவில் இருந்தபோதே, கீழே சிவப்புக் கார் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதையும், இரண்டு டிரைவர்கள் வாளியோடு ஓடுவதையும் பார்த்தேன்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்கண்ணே!"

மலைக் காற்றில் யாருக்குக் கேட்கும்? முன் சக்கரம் இரண்டிலும் புஸ்ஸென்று வெள்ளை ஆவி எழுந்தது. காய்ச்சிய இரும்பில் ஒரு பக்கமாகப் பச்சைத் தண்ணீர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த டிரைவர்களில் ஒருவர் சிரித்த முகத்தோடு, "ரெண்டு வாளி ஊத்திட்டோம்ணே, இனி தாராளமாப் போகலாம்," என்று அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நேராக அவளிடம் போனேன். "நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதான வாசிச்சீங்க?"

அவள் வெளிறிப்போயிருந்தாள். "மிதி உள்ள போச்சு. எனக்குப் பயமாயிடுச்சு..."

"நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்," என்றார் அத்தா, குறுக்கே. "அந்தப் புள்ளைய எதுக்கு வையிற?"

அவர் சொல்லித்தான் நிறுத்தினாளா, அவளைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்காக அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா என்றுதான் அன்று முழுக்க யோசித்தேன்.

மலையடிவாரத்தில் முந்தல் வந்து சேர்வதற்குள், மிதிக்கும்போதெல்லாம் கார் உதறத் தொடங்கியிருந்தது. தட்டு இரண்டும் கோணிவிட்டன. லேத்துப் பட்டறையில் கொடுத்து மெல்லிசாகச் சீவி நேராக்கினார்கள். பந்தயத்துக்கு இன்னும் தாங்கும் கனம் மிச்சமிருந்தது அவள் அதிர்ஷ்டம். சாயங்காலம் மாட்டி முடித்து, மறுபடியும் காற்று எடுக்க அத்தா வண்டிக்கடியில் படுத்தார். அவள் இருக்கையில் ஏறினாள். நான் பட்டறை வாசலிலேயே நின்றேன்.

"அமுக்கும்மா."

இடது பின் சக்கரத் திருகைத் திறந்தார். எண்ணெய்க்கு முன்னால் காற்றுதான் வந்தது. எண்ணெய் பிடிக்க வைத்திருந்த பாட்டிலுக்குள் கொடகொடவென்று குமிழிகள். அத்தா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார். மிதி உள்ளே போனதும், அவள் பயந்ததும், வண்டி நின்றதும், தண்ணீர் விழுந்ததும் அந்தக் குமிழியில்தான் தொடங்கியிருந்தன.

"நீ எறங்கிக்கம்மா," என்றார். "ஏய், இங்க வா. வெரசா வா."

அவள் இறங்கி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நான் கவனிக்காத மாதிரி உட்கார்ந்தேன். தோல் இருக்கை அவள் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. மிதி ஜீப்பு மிதியைவிடச் சின்னது.

"அமுக்கு."

அமுக்கினேன்.

"புடி."

அவர் "விடு" சொல்கிறவரை பிடித்தேன். நாலு சக்கரமும் முடிந்தபோது மிதி பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. மறுநாள் ஊற்றில் நிற்காமல் மெட்டு இறங்கி வந்தார்கள். அன்றைக்கும் நான் ஜீப்பில்தான் வந்தேன்.

பந்தயத்துக்கு அத்தாவை அவள் தன்னோடு அழைத்துப்போனாள். நானும் வருகிறேன் என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்றார் அத்தா. பொம்பளப் புள்ளை ஓட்டுகிற காருக்குத்தான் அவர் போய்க்கொண்டிருந்தார்.

அத்தா திரும்பி வந்து பையை இறக்குவதற்குள் கேட்டேன்.

"மிதி எறங்குச்சா?"

"இல்ல."

"கடைசிச் சுத்து வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். கல்லு மாதிரி நின்னுச்சு."

அவள் எத்தனாவதாக வந்தாள் என்று அம்மாதான் கேட்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயும் அத்தாவின் குரல் நன்றாகவே கேட்டது.