சுலோச்சனா அவர்கள் காலியாக விட்ட கட்டங்கள்

மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டாவது சுற்றில் செல்போன் அடித்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் விட்டு விட்டு மூன்று முறை அடித்தது. எடுத்தேன். சுலோச்சனா அவர்களின் தங்கை மல்லிகா பேசினார்.

"அண்ணே, அக்கா போயிட்டாங்க."

போனை வைத்த பிறகு பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. சுற்று தப்பிய காயிலைப் போட்டால் மோட்டார் எரிந்துவிடும். சுற்றிய கம்பியை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, சாலவாக்கத்துக்கு வண்டியைக் கிளப்பினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர் சுலோச்சனா அவர்கள். சாலவாக்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். அவர் கடைக்கும் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். என் சுத்தியல் சத்தம் அவருக்குக் கேட்கும், அவருடைய டைப்ரைட்டர் சத்தம் எனக்குக் கேட்கும். யார் கடையில் இன்று வேலை அதிகம் என்று எட்டிப்பார்க்காமலேயே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பதினேழு வருடம் இருந்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அவரிடம் அகலமான காகிதம் ஏறும் நீள டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. கான்ட்ராக்டர்கள் நாலைந்து கம்பெனிகளின் கொட்டேஷன்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒப்பீட்டுப் பட்டியலாக அடித்துக் கொடுப்பார். கோடு ஒரு நூல் விலகாது. ஒருமுறை ஒரு கான்ட்ராக்டர் கொண்டுவந்த கொட்டேஷனில் ஒரு விவரம் விட்டுப்போயிருந்தது. "சும்மா ஏதாவது ஒண்ணு அட்ச்சி உடும்மா, யாரு பாக்கப் போறாங்க" என்றார். முடியாது என்றார் இவர். அந்த ஆள் கோபித்துக்கொண்டு எதிர்த்த வரிசைக் கடைக்குப் போய்விட்டார். வந்த வேலையை விரட்டுவதா என்று நான் சத்தம் போட்டேன்.

"காலியா கீதுன்னா கேக்கணும்னு தெரியும் அண்ணே. ரொப்பிட்டா அப்புறம் யாரு கேப்பாங்க?" என்றார்.

சுலோச்சனா அவர்கள் யார் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு பேச்சைத்தான் சொல்வேன். அவர் பிற்பாடு செய்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சில வருடம் கழித்து இன்டர்நெட்டும் வந்தது. மருந்தடிக்கும் ஸ்பிரேயர், பம்ப்செட், களை எடுக்கும் கருவி என்று எதை வாங்குவதற்கு முன்னும் "நெட்ல பாத்து சொல்லும்மா" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு விவசாயி ஸ்பிரேயர் பற்றி நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. கடைசியில் மச்சான் சொன்னதை வாங்கிவிட்டார். அதைக் கேள்விப்பட்டு இவருக்கு முகமே தொங்கிப்போய்விட்டது. "நாப்பது பக்கத்துக்கும் காசு வாங்கினேனே, வெக்கமா கீது அண்ணே" என்றார்.

மறுநாளே வேலை செய்யும் விதத்தை மாற்றினார். கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட ஷீட் ஒன்றைத் திறந்தார். டைப்ரைட்டரில் செய்த அதே ஒப்பீட்டுப் பட்டியல்தான், இப்போது வேண்டியபடி அடுக்கிக்கொள்ளலாம். ஆனால் நெட்டைத் தொடுவதற்கு முன் வந்தவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். "இத வாங்கிக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க? யாரு தூக்கறது? எங்க வெப்பீங்க? கெட்டுப்போனா யாருகிட்ட போவீங்க?" அவர்கள் சொல்லும் பதில்தான் ஷீட்டின் மேல்வரிசைத் தலைப்பு. கம்பெனிக்காரன் தன் பொருளைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பதற்கு அங்கே இடம் கிடையாது. தலைப்புக்குப் பதில் இருந்தால் கட்டத்தில் ஏறும், இல்லாவிட்டால் கட்டம் காலியாக நிற்கும், அதற்குப் போன் போட்டுக் கேட்பார். கடைசித் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: கேட்டது யார். மூன்று நாள் நெட்டில் மேய்ந்தும் தெளியாத விஷயம் இரண்டு மணி நேரத்தில் ஒரே தாளில் வந்து நிற்கும்.

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரும்பைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதாவது! பார்க்கும்போதெல்லாம் "கட்டம் கட்டும் ஜோசியம்" என்று கிண்டல் செய்தேன். அவரும் சும்மா இருக்க மாட்டார். "நீங்க தொட்டு பாத்து வாங்கின டிரில்லிங் மிஷின் எங்க அண்ணே, இன்னும் மூலையில தூங்கிக்கினு கீதா?" என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் காசியம்மாள் வந்தார். சாலவாக்கம் போகும் வழியில் ஊரோரமாக இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள். அங்கிருக்கும் மகளிர் குழுவுக்குத் தலைவி அவர். குழுவுக்கு ஓர் அரசுத் திட்டத்தில் மாவு மிஷின் வாங்க உத்தரவாகியிருந்தது. எந்த மிஷின் வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒருமுறைதான், பிறகு மாற்ற முடியாது. கூலி இல்லாத மாதங்களிலும் அந்தப் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு தொழில் இருக்குமா இருக்காதா என்பது அந்த ஒரு தாளில் இருந்தது.

காசியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுலோச்சனா அவர்களின் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில் மாதிரி நான் எந்த இன்ஜினீயர் வாயிலும் கேட்டதில்லை. "எங்க தெருவுக்கு ரெண்டு கம்பி கரண்டு தாம்மா வருது. அதுல ஓடணும். தானியத்த தலைக்கு மேல தூக்கிக் கொட்ற மாதிரி இருக்கக் கூடாது, கெழவிங்களும் கீறாங்க. கல்லு தேஞ்சா கொத்தறதுக்கு ஆளு பக்கத்துல இருக்கணும்." மூன்றும் தலைப்பாக ஏறின. இரண்டு கம்பி என்றால் சிங்கிள் ஃபேஸ், அதனால் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பது முதல் தலைப்பு.

நெட்டில் இருபத்து மூன்று விற்பனையாளர்கள் கிடைத்தார்கள். இருபத்து மூன்று பேருக்கும் போன் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடுமே என்றேன். அவர் ஷீட்டைப் போன் நம்பர்படி அடுக்கினார். ஒரே நம்பர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. வேறு வேறு பெயர், வேறு வேறு படம், பேசுகிற ஆள் ஒருவனே. கழித்துப் பார்த்தால் மிச்சம் பதினொன்று. "சட்டைய மாத்திக்கினு வந்தா ஆளு மாறிடுவானா அண்ணே?" என்று சிரித்தார். அன்றைக்கு முதன்முறையாக என் கிண்டல் அடங்கியது.

செவ்வாய்க்கிழமைக்குள் பத்துப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் எந்த ஃபேஸ் என்று சொல்லாமல் இழுத்தடித்தார். அந்தக் கட்டம் காலி.

புதன்கிழமை சுலோச்சனா அவர்கள், கால் மரத்துப்போகிறது என்று டாக்டரைப் பார்க்கக் காஞ்சிபுரம் போனார். போகும்போது கடைச் சாவியை என்னிடம் கொடுத்து, "காசியம்மா வந்தா ஷீட்ட காட்டுங்க, கை வெக்காதீங்க" என்றார்.

நான் கை வைத்தேன். இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததை இங்கே சொல்கிறேன்.

காசியம்மாளும் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் கொஞ்சம் வித்தை காட்ட ஆசை. சிங்கிள் ஃபேஸ் மிஷின்களெல்லாம் மேலே வரட்டும் என்று அந்த ஒரு நெடுக்கு வரிசையைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் பட்டனை அமுக்கினேன். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. படிக்காமல் சரி என்றேன். அழகாக அடுக்கிக்கொண்டது. அந்த ஒரு வரிசை மட்டும் இடம் மாறி, பெயர்களும் நம்பர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை. மேலே இருந்த மூன்று குதிரைத்திறன் மிஷினைக் காட்டி, "இதுதாம்மா உங்களுக்கு" என்றேன். மோட்டார்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஆபீசில் கொடுத்துவிடுகிறோம் என்று சிரித்த முகத்தோடு போனார்கள். ஷீட்டை மறக்காமல் சேவ் பண்ணி மூடினேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு மட்டும் குறைவில்லை.

மாலையில் அவர் வந்து ஷீட்டைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். பதினொரு பெயர், ஏழெட்டுத் தலைப்பு, எப்படித்தான் தெரிந்ததோ!

"இவரு எந்த ஃபேஸ்னு சொல்லவே இல்லியே. காலியா இருந்த கட்டம் எப்பிடி ரொம்பிச்சி?"

நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எது மாறிச்சின்னு தெரியாத ஷீட்ட நம்பக் கூடாது அண்ணே. பதினோரு பேரையும் திருப்பிக் கேக்கணும். ஆனா மொதல்ல அவங்கள நிறுத்தணும்" என்றார்.

குடியிருப்பில் யாரிடமும் போன் கிடையாது. வியாழக்கிழமை காலை முதல் வேலையாக என் மொபெட்டின் பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு போனேன். காசியம்மாள் தலைவாரிப் புறப்பட்டு நின்றுகொண்டிருந்தார், சீட்டு இடுப்பில் இருந்தது. மரத்த காலை ஊன்றி இறங்கிய சுலோச்சனா அவர்கள், "ஷீட்ல தப்பாயிடுச்சிம்மா. எங்க தப்பு. இன்னிக்கி பொழுதுக்குள்ள சரியா சொல்றேன்" என்றார்.

"நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. வேற போக்கு இல்லன்னு தாம்மா உங்கள நம்பி வந்துகினு கீறோம்" என்றார் காசியம்மாள். குரல் உடைந்திருந்தது.

"உங்க கோவம் நாயம் தாம்மா" என்றார் இவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் தலையைக் குனிந்து வண்டிச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து "நான்தான்" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

கடைக்கு வந்ததும் போனை என் கையில் கொடுத்தார். "கலைச்சவர் தான் கேக்கணும்." பதினொரு பேரிடமும் நானே பேசினேன். இழுத்தடித்தவரை மூன்று முறை கூப்பிட்டு, மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பதை எழுத்து விடாமல் படிக்க வைத்தேன். சிங்கிள் ஃபேஸ்தான். இடுப்பு உயரம்தான். கல் கொத்தும் ஆள் செங்கல்பட்டில் இருந்தார். முந்தின நாள் நான் எழுதிக் கொடுத்ததோ சுத்தமான த்ரீ ஃபேஸ். அந்தத் தெருவில் அது துணி காயப்போடத்தான் உதவியிருக்கும். கேட்டது யார் என்ற வரிசையில் பதினொரு கட்டத்திலும் "தணிகாசலம்" என்று என் பெயரை அடித்தார். இழுத்தடித்தவரின் மிஷினுக்கே வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போனது, இரண்டு மாதத்தில் மிஷின் வந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. அந்தப் பெண்கள் அரைத்த கேழ்வரகு மாவைத்தான் என் வீட்டில் வாங்குகிறோம்.

அதற்குப் பிறகு நானே ஆட்களை அவரிடம் அனுப்பினேன். திருமுக்கூடல் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். மோட்டார் சம்பந்தமான கேள்வி என்றால் சுவரைத் தட்டுவார், நான் போவேன். யார் ஷீட்டைக் கலைத்தது என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சாலவாக்கத்தில் காரியம் முடிந்த அன்று காசியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அன்னிக்கி தப்பு பண்ணது அவங்க இல்லம்மா, நான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும் அண்ணே. எம்மேல கண்ண வெச்சிப் பேசினது அவங்க, மண்ணப் பாத்துக்கினு நின்னது நீ. இதக் கண்டுபிடிக்க படிப்பா வேணும்? அம்மா சொல்லல, நானும் கேக்கல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மல்லிகா கடையைத் திறந்து தரச் சொன்னார். கம்ப்யூட்டரில் சுலோச்சனா அவர்கள் கடைசியாகத் திறந்து வைத்திருந்த ஷீட் சக்கர நாற்காலி பற்றியது. யாரோ கேட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு தலைப்புகளைப் படித்தேன். "சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் மடித்து ஏற்ற முடியுமா?" "கடை வாசல் இரண்டு படி ஏறுமா?" "பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடாமல் நானே தள்ளிக்கொள்ள முடியுமா?" கால் அவ்வளவு மோசமாகிவிட்டது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒன்பது விற்பனையாளர்களில் எட்டுப் பேரின் கட்டங்கள் நிரம்பியிருந்தன. கடைசி ஆளுக்கு மூன்றாவது கேள்வி மட்டும் காலி.

"இனிமே எதுக்குண்ணே அது, அழிச்சிடலாம்" என்றார் மல்லிகா.

இந்த ஊரில் அடுத்த சக்கர நாற்காலி கேட்டு யாராவது வரத்தான் போகிறார்கள் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பின்சக்கரத்தில் கைவளையம் இருக்கிறதாம், உட்கார்ந்திருப்பவரே தள்ளிக்கொள்ளலாமாம். யாருக்கு சார் என்று கேட்டார்.

"எங்க பக்கத்துக் கடைக்காரங்களுக்கு" என்றேன்.

"முடியும்" என்று அடித்தேன். கேட்டது யார் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். எந்த வரிசையையும் அடுக்கவில்லை. சேவ் பண்ணி மூடினேன்.

போய்வாருங்கள், சுலோச்சனா அவர்களே. கேட்டுவிட்டுத்தான் நிரப்பினேன்.