ஏழாம் இலக்கத்தில் இருந்த சொல்

மூன்று வசனம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கிர்ஸ்டன் எனக்கு மூன்று வசனங்களைப் பாடமாக்கச் சொன்னார். கிர்ஸ்டன் நான் காவலுக்குச் சேர்ந்த பழம்பொருள் நூதனசாலையின் பொறுப்பாளர். ஒல்லாந்து மொழி வாசிக்கத் தெரிந்த டெனிஷ்காரி. அவர் டெனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ஒண்டு, தயவுசெய்து தொடாதேங்கோ. ரெண்டு, கழிப்பறை இடப்பக்கம். மூண்டு, எனக்குத் தெரியாது. உம்முடைய வேலைக்கு இவ்வளவும் காணும்."

"தெரியாது எண்டு சொன்னால் சனம் என்னை மொக்கன் எண்டு நினைக்காதே?"

"நினைக்கட்டும். படத்தை விளக்கிறதுக்கு வேறை ஆள் இருக்கு. நீர் தெரியாததைச் சொல்லி வைச்சால் அதுக்குப் பிறகு ஒருத்தராலையும் அழிக்கேலாது."

மூன்றாவது வசனத்தின் டெனிஷ், தெ வெ யாய் இக்க. பனங்கிழங்குத் தும்பு தொண்டையில் சிக்கியது போல இழுத்துச் சொல்ல வேண்டும். பத்துத் தரம் சொல்லிக் காட்டினேன். உச்சரிப்பு நல்லது என்றார் கிர்ஸ்டன். சொல்லத் தெரிந்ததே தவிர, சொல்ல வேண்டிய நேரத்தில் அது வாயில் வரவில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியதுதான்.

நிற்கிற உத்தியோகம்

அதற்கு முன் இருபது வருடம் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். தோள்மூட்டு இரண்டும் கழன்ற பிறகு வேலைவாய்ப்புக் கந்தோரில் என்னை உட்காரவைத்து, "உங்களாலை இப்ப என்ன செய்ய ஏலும்?" என்று கேட்டார்கள். "நிக்க ஏலும்," என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் இஷொயில் வீடு, அமார் தீவில் காவலாளி வேலை. டெனிஷில் அதற்குக் குஸ்தோத என்று பெயர்.

ஐந்நூறு வருடத்துக்கு முன் டென்மார்க் அரசன் ஒருவன், நல்ல மரக்கறி செய்யத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று ஒல்லாந்திலிருந்து கமக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் தீவில் குடியேற்றினான். அவர்களுடைய பழைய வீடொன்றுதான் எங்கள் நூதனசாலை. அவர்கள் அழைத்து வரப்பட்டவர்கள், நாங்கள் சொல்லாமல் வந்து இறங்கியவர்கள். அதனால் அவர்களுக்கு நூதனசாலை, எங்களுக்கு மொழிப்பரீட்சை.

வைக்கோல் கூரை, நீல ஓட்டுச் சுவர், சுவருக்குள் அலுமாரி போலப் பதித்த கட்டில். வாசல் நிலைகள் எல்லாம் பதிவு. வருகிற டெனிஷ்காரர் எல்லாரும் நெற்றியில் ஒருமுறை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நான் குனியாமல் போய்வருவேன். இந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான்.

கறுப்புக் கோட்டுப் போட்டு மூலையில் அசையாமல் நின்றால் என்னையும் காட்சிப்பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கிழவி என் முகத்துக்கு அருகே வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா. "தயவுசெய்து தொடாதேங்கோ," என்றேன். மனுசி துள்ளிப்போய்க் கட்டிலில் முட்டினா.

தமிழ்ச் சனம் வந்தால் மட்டும் எனக்கு வாய் அடங்காது. செத்த மீனும் பாதி உரித்த தேசிக்காயுமாக ஒரு பழைய ஓவியம் இருந்தது. "இந்த மீனை வெட்டினவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது," என்பேன். சட்டிமூடி போலக் கழுத்துப்பட்டி போட்ட ஒரு சீமாட்டியின் படம். "குழம்பு சட்டையிலை சிந்தாமல் இருக்க," என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை நம்பிக்கொண்டு போனார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை

ஒரு கோடையில் மேல்மாடத்தில் புதிதாக ஓர் அறை திறந்தார்கள். ஒல்லாந்தர் கடல் கடந்து போய்க் கட்டிய கோட்டைகளின் வரைபடங்கள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்று எங்கள் கரையில் இருக்கிற கோட்டை. எந்தக் கோட்டை என்று இங்கே எழுதவில்லை. பிற்காலத்தில் அதற்குள் ஆட்களைக் கொண்டுபோய் அடைத்தவர்கள் யார் என்றும் எழுதவில்லை. எங்கள் ஊரில் ஆள் பிடிக்கிறவர்களுக்கு ஒருகாலமும் பஞ்சம் இருந்ததில்லை.

கிர்ஸ்டனுக்குச் செவ்வாய் லீவு. அன்று மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக மேலே வந்தார். மற்ற எதையும் பார்க்காமல் நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கால்மணி நேரம் அசையவில்லை. நிற்பதில் என்னைவிடத் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"முகத்திலை எழுதி ஒட்டியிருக்கோ?"

"கதைச்சால் தமிழாய் இருக்கவேணும் எண்டு பாத்தனான்." அவர் சிரிக்கவில்லை. "நான் புவனா. ஹொல்ஸ்டெப்ரோவிலை இருக்கிறன். மகளிட்டை லீவிலை வந்து நிக்கிறன். இந்தப் படத்திலை இலக்கம் போட்டு, கீழை ஏதோ எழுதிக் கிடக்கு. வாசிக்கத் தெரியுமோ?"

மூன்றாவது வசனத்துக்கான இடம் அது. நானோ கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பழைய காலத்துக் கூட்டெழுத்து. ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே 'கந்தூர்' போல ஒரு சொல்.

"இது எங்கடை கந்தோர்!" என்றேன். எனக்கே புல்லரித்துவிட்டது. "அவங்களிட்டை இருந்து வாங்கின சொல்தானே."

"அடுத்தது?"

ஆறாம் இலக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "கக்கூசு! தங்கச்சி, நாலைஞ்சு தலைமுறையாய் நாங்கள் ஒல்லாந்திலைதான் அவசரப்பட்டுக்கொண்டு இருக்கிறம்."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. விரலைக் கண்ணாடிக்கு மேலே, தொடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கந்தோருக்குப் பின்னாலை, கக்கூசுக்குப் பக்கத்திலை ஏழு எண்டு கிடக்கு. அது என்ன?"

ஏழாம் இலக்கத்தில் இருந்தது மூன்றே மூன்று எழுத்து. பி, யூ, டி. இரண்டு சொல் தமிழாக வந்த துணிச்சலில் மூன்றாவதை இங்கிலீசாக வாசித்தேன்.

"புட். போடு எண்டு அர்த்தம். சாமான் போட்டு வைக்கிற இடம். களஞ்சிய அறை."

"கிணறு இல்லையோ?"

"கிணறோ? ஒல்லாந்தன் சாராயம் குடிச்சவன். அவனுக்கு என்னத்துக்குக் கிணறு?"

அதற்குத்தான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்ச் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்தார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அது அழுகை.

கதையை அங்கே இருந்துதான் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலே. அவருடைய அண்ணன் சிவத்தை அந்தக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். கூட இருந்து உயிரோடு வெளியே வந்த ஒருவன் சொன்ன கதை ஒன்றுதான் மிச்சம். கந்தோரில் வைத்து விசாரித்தார்கள், பிறகு பின்பக்கம் கக்கூசடியில் இருந்த கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள், கிணற்றடிக்குப் போன ஒருவரும் திரும்பவில்லை. இதுதான் அவன் சொன்னது.

"ஆனால் அவன் ஊரறிஞ்ச புளுகன், அண்ணை. அந்தப் பக்கம் கிணறே இல்லை எண்டு கனபேர் சொன்னவை. இப்ப போய்ப் பாக்கவும் ஏலாது. அந்தக் கட்டடம் எல்லாம் தரைமட்டம். மச்சாள், அண்ணன்ரை மனுசி, இண்டைக்கும் பொட்டு வைக்கிறா. கிணறு இருந்தது எண்டு தெரிஞ்சால் அந்தியேட்டி செய்து செத்தவீட்டுக் காரியத்தை முடிப்பம். இல்லை எண்டால் அவன் சொன்னது முழுக்கப் பொய். அண்ணன் எங்கையாவது இருப்பார்."

படம் இங்கே இருக்கிறது என்று மகள் சொல்லித்தான் வந்திருக்கிறார்.

"தங்கச்சி, பொறுங்கோ, எனக்கு ஒல்லாந்து வாசிக்கத் தெரியாது, நாளைக்குத் தெரிஞ்ச ஆளைக் கேப்பம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நேரம் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சீறி, கைப்பையை மூடும் வரைக்கும் நேரம் இருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒருவரும் என் சொல்லைக் கேட்டு அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"யோசிக்காதேங்கோ," என்றேன். பெரிய மனுசன் மாதிரி.

"அடுத்த செவ்வாயும் வாறன், அண்ணை. உங்களுக்குப் பயித்தம் பணியாரம் கொண்டு வாறன்."

புதன்கிழமை

கிர்ஸ்டன் கோப்பியும் கையுமாக வந்தார். பெருமையாகத் தொடங்கினேன். கந்தோரும் கக்கூசும் எங்கள் சொல் என்றதும் அவர் சந்தோசப்பட்டு, குறிப்புக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"ஏழாவதையும் நானே கண்டுபிடிச்சிட்டன். களஞ்சியம்."

"ஏழாவதோ? புட் எண்டால் கிணறு."

"சரியாய்ப் பாருங்கோ. ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருக்கும்."

"இதுக்கு இருக்கிறது ஒண்டுதான். பாரும், வட்டம் கீறி நடுவிலை நீல மை போட்டிருக்கு. தண்ணி." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் வாங்கிலை இருந்திட்டீர்? என்ன நடந்தது?"

வாங்கில் நான் இருந்ததை நானே கவனிக்கவில்லை. நீல வட்டத்தை நான் முதல் நாளும் பார்த்திருந்தேன். அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். கிர்ஸ்டன் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அந்த மனுசிக்கு நான் சொல்லட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை. நான்தான் சொன்னனான்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "சொல்லாமல் விடுங்கோவன். ஆருக்கு நட்டம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்தப் பொம்பிளை இன்னும் எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்றாள். இரண்டும் சரியாகத்தான் பட்டது. அடுத்த செவ்வாய் வரைக்கும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் வசனங்களைக் கட்டிப் பார்த்தேன். பகிடி இல்லாமல் எனக்கு ஒரு வசனமும் கட்ட வராது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்

பணியாரப் பெட்டியோடு வந்தார். புதுச் சேலை. என்னைத் தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் கட்டி வைத்திருந்த எல்லா வசனமும் போய்விட்டது.

"தங்கச்சி, போன கிழமை நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். அந்தச் சொல் இங்கிலீசு இல்லை. ஒல்லாந்திலை அது கிணறு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது?"

"எங்கடை பொறுப்பாளர். வாசிக்கத் தெரிஞ்ச மனுசி."

"நிச்சயமோ?"

"நிச்சயம். அந்த நீலம் தண்ணியாம்."

கீழே யாரோ வாசல் நிலையில் தலையை முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப போன கிழமை உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. கடையில் மிச்சக் காசு பிழையாகத் தந்தவனிடம் சொல்வது போலச் சொன்னார். பணியாரப் பெட்டியை என் கையில் தருவதா வாங்கில் வைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வாங்கில் வைத்தார்.

"கிணறு இல்லை எண்டு நீங்கள் சொன்னதை மச்சாளிட்டைச் சொன்னனான். வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குப் போய் அண்ணன்ரை பேரிலை அருச்சனை செய்தவ. நட்சத்திரம் மறந்துபோச்சு எண்டு எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டவ. அவிட்டம் எண்டு சொல்லிக் குடுத்தனான். ஐயர் கேட்டவராம், ஆருக்கு எண்டு. என்ரை மனுசனுக்கு எண்டு சொன்னவவாம்."

அருச்சனை உயிரோடு இருக்கிறவருக்குச் செய்வது.

"இனி நான் அவவுக்கு ஃபோன் எடுக்கவேணும்," என்றார். "கிணத்தடிக் கதை சொன்னவன் புளுகன் இல்லை எண்டு சொல்லவேணும். முப்பது வருசமாய் அவனோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

பிறகு விரலை நீட்டினார். இந்த முறை கண்ணாடியைத் தொட்டார். தொடாதேங்கோ என்பது என் முதலாம் வசனம். நான் சொல்லவில்லை.

"அண்ணை, இது ஆழமான கிணறோ?"

நான் என் வாழ்நாள் முழுவதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவன்.

"தெரியாது, தங்கச்சி," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படியில் இறங்கும்போது நிலைக்குக் குனிந்து போனார். அவரும் என்னைப் போலக் கட்டைதான். குனியத் தேவையில்லை.

புதிதாக நிற்க வருபவர்களுக்கு

இறப்பர் அடி வைத்த சப்பாத்துப் போடுங்கள். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் வாங்கில் இருங்கள், ஒருவரும் ஏசமாட்டார்கள். பகிடி விடுங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒருவர் ஒரே படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றால் அவர் படம் பார்க்க வரவில்லை. அவர் கேட்பதற்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்துச் சொன்னால் அது வேறு சொல்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கண்ணாடி துடைக்கப் போனேன். ஏழாம் இலக்கத்துக்கு மேலே ஒரு விரலடையாளம் இருந்தது. மற்றக் கண்ணாடிகளை எல்லாம் முதலில் துடைத்தேன்.